பழைய தேக்கும் புது காங்கிரீட்டும் ஒரே வீட்டில்: எங்கே சேரும், எங்கே சேராது

நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பக்கம் ஐயா காலத்து வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து இறக்கிவிட்டார்கள். உங்கள் பங்குக்குப் பன்னிரண்டு பர்மா தேக்குத் தூண்கள், ஒன்பது உத்திரங்கள், நாலு நிலைக்கதவுகள், ஒரு குவியல் சட்டம் வந்திருக்கின்றன. காரைக்குடியில் மனை இருக்கிறது. என்ஜினியர், "மரமும் காங்கிரீட்டும் சேராது, பழைய சாமான் வாங்கி விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் விலை பேசிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். ஆசாரியோ, "உத்திரத்து மேலேயே ஸ்லாப் போடலாம், நூறு வருஷம் நிற்கும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் சொல்வதிலும் பாதி சரி. மரமும் காங்கிரீட்டும் ஒரே வீட்டில் நன்றாகவே சேரும். ஆனால் உறவு வேண்டும், ஒட்டு வேண்டாம். மரத்தைக் காங்கிரீட்டுக்குள் புதைத்தால் கெட்டுப்போகும். காங்கிரீட்டின் மேல் ஒரு கல்லையோ மரத்தின் அடியை ஏந்தும் ஒரு இரும்புச் செருப்பையோ இடையில் வைத்து, காற்றுப் படும்படி நிறுத்தினால் உங்கள் பேரன் காலத்துக்கும் இருக்கும். மொத்தச் சங்கதியும் இரண்டும் சந்திக்கிற அந்த இரண்டு அங்குல இடத்தில்தான் இருக்கிறது. நான் இந்த வட்டாரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வீடு கட்டியும் பழைய வீடுகளைச் சரிசெய்தும் வருகிறேன். கெட்டுப்போன வேலைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு அங்குலத்தில்தான் கெட்டுப்போயிருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் ஐயா வீடே கலப்பு வீடுதான். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிற மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். சுவருக்குச் சுவர் உத்திரம், அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டம். சட்டத்தின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தட்டித் தட்டி இறுக்கிய பிறகு தட்டோடு பதிப்பார்கள். அந்தச் செங்கல் ஜல்லிக் கலவையும் ஒரு காங்கிரீட்தான். சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு, அவ்வளவுதான். ஆக, மரத்தின் மேல் காங்கிரீட் போட்டுத்தான் அவர்கள் நூறு வருஷம் குடியிருந்தார்கள்.

1930-களிலும் 40-களிலும் கட்டிய வீடுகளில் இந்தக் கலப்பு இன்னும் கூடியது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் தெருக்களில் நடந்தால் தெரியும். முகப்பில் காங்கிரீட் சன்ஷேடும் வளைந்த பால்கனியும் இருக்கும், உள்ளே வளவில், அதாவது நடு முற்றத்திலும் அதைச் சுற்றிய தாழ்வாரத்திலும், பர்மா தேக்கு இருக்கும், பெரிய ஹாலுக்குச் சீமையிலிருந்து வந்த இரும்பு கர்டர் ஓடும். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் தேக்கும் நின்றது, பர்மாவில் சம்பாதித்துத் தேக்கு வாங்கிய பணமும் நின்றது. அதனால் இந்தச் சோதனைகள் அந்த அளவில் நின்றுபோயின. கலப்புக் கட்டுமானம் நமக்குப் புதிது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் ஆசாரி சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். இல்லை. சுண்ணாம்பு வேறு, சிமெண்ட் வேறு. சுண்ணாம்புக் காரை மிருதுவானது, கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது.

இதைக் கண்ணால் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். வளவுத் தாழ்வாரத்தில் ஒரு உத்திரம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. நடுவில் சுத்தியல் காம்பால் தட்டினால் கணீர் என்றது, வைரம் பாய்ந்த கட்டை. சுவருக்குள் போகும் முனையில் தட்டினால் டப்பென்றது. ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்தினேன், இரண்டு அங்குலம் வெண்ணெயில் போவதுபோல் போனது. உடைத்துப் பார்த்தால் முனை மொத்தமும் ஈரப்பொடி. வீட்டுக்காரர், "எண்பது வருஷம் நன்றாக இருந்தது, இப்போது பதினைந்து வருஷத்தில் இப்படி ஆகிவிட்டது" என்றார். அந்தப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன். சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று வெளிச்சுவரைச் சிமெண்டில் பூசியிருக்கிறார்கள், உத்திரம் நுழையும் பொந்தையும் 'எலி போகிறது' என்று கலவையால் அடைத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உத்திர முனையில் உட்கார்ந்துவிட்டது. மரத்தின் முனை என்பது ஆயிரம் உறிஞ்சுகுழாய்களின் வாய். பக்கவாட்டில் குடிப்பதைப் போலப் பல மடங்கு தண்ணீரை முனை வழியாகக் குடிக்கும்.

இதே கதைதான் காங்கிரீட்டில் உத்திர முனையைப் புதைத்தாலும் நடக்கும், இன்னும் சீக்கிரமாக.

இன்னொரு சங்கடம், மரம் வருஷம் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். நீளவாக்கில் அசைவு கிட்டத்தட்ட இல்லை, அகலவாக்கில் உண்டு. பத்தங்குலத் தேக்குப் பலகை சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடும், குறையும். அதைக் காங்கிரீட்டுக்குள் இறுக்கி வைத்தால் மழைக்காலத்தில் ஊதிக் காங்கிரீட்டைத் தள்ளும், வெயில்காலத்தில் சுருங்கி இடைவெளி விடும். அந்த இடைவெளிதான் அடுத்த மழைத் தண்ணீருக்கும் கரையானுக்கும் வாசல்.

சரி, உங்கள் மூன்று பொருளுக்கு வருவோம். தூண், உத்திரம், நிலை.

தூணுக்குப் பலம் போதுமா என்ற பயமே வேண்டாம். பத்தங்குல விட்டமுள்ள எட்டடித் தேக்குத் தூண், உள்ளே உளுக்காமல் நேராக நின்றால் கணக்குப்படி முப்பது டன்னுக்கு மேல் தாங்கும். தூண் நொறுங்கி வீடு விழாது, அடியில் நனைந்துதான் விழும். நம் பழைய வீட்டில் ஒரு மரத்தூணாவது தரையைத் தொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கருங்கல் பீடம் இருக்கும். அழகுக்காக மட்டும் வைத்தது இல்லை. வீடு கழுவுகிற தண்ணீரும், முற்றத்தில் தெறிக்கிற மழையும் மரத்தில் ஏறக் கூடாது என்பதற்கு வைத்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். கீழே கடைக்கால் முழுக்கக் காங்கிரீட்டாக இருக்கட்டும், அதன் மேல் சுற்றி ஓடும் பெல்ட் பீமும் அப்படியே. தூண் வரும் இடத்தில் பெல்ட்டிலிருந்து ஒரு குட்டைக் காங்கிரீட் பில்லரைத் தரைமட்டம் வரை எடுத்து, அதன் மேல் கருங்கல் பீடத்தை உட்காரவையுங்கள். பீடத்தின் நடுவில் துளை போட்டு 16 மில்லி எவர்சில்வர் கம்பியைக் காங்கிரீட்டிலிருந்து மேலே வரவிட்டு, தூணின் அடியில் அதற்கேற்ற துளை எடுத்து இறக்குங்கள். சாதாரண இரும்புக் கம்பி வேண்டாம். தேக்கில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை போலக் கறுக்கும், கம்பியும் துருப்பிடிக்கும். கம்பியைச் சுற்றிச் சிமெண்ட் பால் ஊற்றி அடைக்கும் பழக்கம் நம் மேஸ்திரிகளிடம் இருக்கிறது, அதைப் பக்கத்தில் நின்று தடுங்கள். பீடத்தின் தலையைத் துளி மேடாக வைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் தங்காது. அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் சொல்லாமலே செய்ததுதான் இது.

இன்னொரு முறை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய தூணை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, காங்கிரீட் பில்லரைச் சுற்றிச் சட்டை மாதிரி மாட்டிவிடுவது. ரிசார்ட் வேலைகளில் நிறையப் பார்க்கலாம். முப்பது டன் தாங்குகிற ஒரு ஆளை வேஷம் கட்டி நிறுத்துகிற வேலை. நான் செய்து தருவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை என்பது ஒன்று, பிளந்த தூணை மறுபடி யாரும் தூணாக்க முடியாது என்பது இன்னொன்று.

இப்போது உத்திரத்தின் மேல் ஸ்லாப். இதில்தான் நானும் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று, பழைய உத்திரத்தின் மேல் பலகை பரப்பி, அதையே சென்ட்ரிங்காக (பச்சைக் காங்கிரீட்டைத் தாங்கும் தட்டாக) வைத்து ஐந்தங்குல ஸ்லாப் போட்டுவிட்டேன். பலகைக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் ஒன்றும் விரிக்கவில்லை. பச்சைக் காங்கிரீட்டின் தண்ணீரைப் பலகை குடித்தது, காங்கிரீட் இறுகப் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரும் அதோடு சேர்ந்தது. பலகை ஊதி முண்டியது. பிறகு காய்ந்து சுருங்கி, இடுக்குக்கு இடுக்கு விரல் நுழையும் இடைவெளி. சிமெண்டின் காரம் பட்டுத் தேக்கின் நிறமே கறுத்துவிட்டது. பலகையைத் தொட்ட பக்கம் காங்கிரீட்டும் சரியாக இறுகவில்லை, சுரண்டினால் மாவாக வந்தது. மரத்திலிருந்து கசியும் சர்க்கரைச் சத்து சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்கும் என்பதை அப்போதுதான் படித்தேன். முன்னாலேயே படித்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் எடை. ஐந்தங்குல ஸ்லாப் சதுர அடிக்கு 29 கிலோ வரும். இருபதுக்குப் பதினைந்து ஹாலுக்கு முந்நூறு சதுர அடி, கிட்டத்தட்ட எட்டே முக்கால் டன். தளமும் பூச்சும் ஆட்களும் அதற்கு மேல். மங்களூர் ஓட்டுக் கூரை என்றால் சதுர அடிக்கு ஆறேழு கிலோதான், அதே ஹாலுக்கு இரண்டு டன்னைச் சுற்றி. மரம் விடாமல் சுமந்துகொண்டே இருந்தால் வருஷம் போகப் போக மெதுவாகத் தொய்யும். தொய்ந்த மரம் உடையாது. ஆனால் அதன் மேல் படுத்திருக்கும் காங்கிரீட் விரிசல் விடும், விரிசலில் மழை இறங்கும். அப்புறம் முன்னே சொன்ன உத்திரக் கதைதான்.

'வெளிநாட்டில் மரத்தின் மேல் காங்கிரீட் போட்டுப் பத்துப் பதினைந்து மாடி கட்டுகிறார்களே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். இரண்டு மர ஸ்கேலை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வளைத்துப் பாருங்கள், எளிதில் வளையும், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதும் தெரியும். அதே இரண்டையும் நன்றாக ஒட்டிவிட்டு வளையுங்கள், விறைப்பு நான்கு மடங்காகிவிடும். மரமும் காங்கிரீட்டும் சேர்ந்த தளத்தின் சூட்சுமம் இதுதான். மேலே இரண்டரை மூன்று அங்குலக் காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், கீழே மரம் இழுவையைத் தாங்கும். நடுவில் வழுக்காமல் இருக்க நெருக்கமாகச் சாய்வாக இறக்கிய நீள ஸ்க்ரூவோ, மரத்தில் வெட்டிய காடியோ இருக்க வேண்டும். எத்தனை ஸ்க்ரூ, எவ்வளவு நெருக்கம் என்பது முழுக்கக் கணக்கு. நடுவில் ஒரு தாள் விரித்து மரத்தை நனையாமல் காப்பார்கள். வெறுமனே மேலே கொட்டினால் ஒட்டாத ஸ்கேல் கதைதான்.

ஆஸ்திரியாவில் டோர்ன்பிர்ன் ஊரில் 2012-ல் எட்டு மாடி அலுவலகம் ஒன்று இப்படிக் கட்டினார்கள். அங்கே மரமும் காங்கிரீட்டும் சேர்ந்த தளத் துண்டுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து, காயவைத்து, கொண்டுவந்து அடுக்கினார்கள். பச்சைக் காங்கிரீட்டின் ஈரம் கட்டடத்துக்குள்ளேயே வரவில்லை. கனடாவில் வான்கூவரில் 2017-ல் திறந்த பதினெட்டு மாடி மாணவர் விடுதியில் முதல் தளமும், லிஃப்டும் படியும் உள்ள இரண்டு கூடுகளும் காங்கிரீட். அதன் மேல் பதினேழு தளம் மரம். தரையோடு தொடர்புள்ள இடத்தில் காங்கிரீட், மேலே மரம். நம் கருங்கல் பீடத்தின் பெரிய வடிவம்தான் அது. நார்வேயில் 2019-ல் முடிந்த 85 மீட்டர் மரக் கட்டடம் ஒன்றில் மேல் ஏழு தளத்துக்கு மட்டும் காங்கிரீட் போட்டார்கள். பலத்துக்கு இல்லை, எடைக்கு. மரம் இலேசானது, உயரத்தில் காற்றுக்கு ஆடும், அதனால் தலையில் பாரம் வைத்தார்கள். இப்படிக் காரணம் தெரிந்து சேர்த்தால் சேரும்.

உங்கள் ஒன்பது உத்திரமும் ஒன்பது அளவு, ஒவ்வொன்றிலும் பழைய காடி, ஆணித் துளை. இவற்றை நம்பி அந்த மாதிரித் தளம் போட நான் சொல்ல மாட்டேன். என்ஜினியர் மறுத்தது இந்த இடத்துக்கு நியாயம். படுக்கையறை, சமையலறை, குளியலறைக்கெல்லாம் வழக்கமான காங்கிரீட் ஸ்லாப்பே போட்டுக்கொள்ளுங்கள். உத்திரத்தையும் தூணையும் வளவுத் தாழ்வாரத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே ஓட்டுக் கூரை. எடை குறைவு, காற்று நடமாட்டம் உண்டு, ஒழுகினால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். அறைகளின் சுவர் மேல் ஓடும் காங்கிரீட் பீம் ஒரு பக்கம், தேக்குத் தூண் வரிசை மறுபக்கம், நடுவில் ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் சாய்ந்து முற்றத்தை நோக்கி இறங்கும்.

பீமில் மரம் உட்காரும் இடம் முக்கியம். பீம் கான்கிரீட் போடும்போதே மூன்றடிக்கு ஒரு போல்ட்டைத் தலைகீழாக நட்டுவிட வேண்டும், பிறகு துளைபோட்டால் கம்பியில் இடிக்கும். பீமின் மேல் தார் ஃபெல்ட் ஒரு பட்டை, அதன் மேல் நாலங்குல மரச்சட்டம், போல்ட்டில் இறுக்கம். கைமரங்கள் அந்தச் சட்டத்தில் அமரும். ஃபெல்ட் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் காங்கிரீட்டின் ஈரம் மரத்துக்குள் ஏறும். போல்ட் இல்லாவிட்டால் புயல் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். கூரை பறப்பது எடை தாங்காமல் இல்லை, பிடிமானம் இல்லாமல். உத்திரம் சுவருக்குள் நுழைய வேண்டி வந்தால், அடியில் ஒரு கருங்கல் துண்டு வைத்து, இரண்டு பக்கமும் முனையிலும் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். முனைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு கை பூசலாம். எலி வரும் என்று பயந்தால் வலை அடியுங்கள், கலவை வேண்டாம்.

ஹாலிலும் உத்திரம் தெரிய வேண்டும் என்று வீட்டில் ஆச்சி பிடிவாதம் பிடித்தால், ஸ்லாப் தன் பாரத்தைத் தானே சுமக்கும்படி வடிவமைத்து, அதன் அடியில் அரை அங்குலம் விட்டு உத்திரத்தை மாட்டிக்கொள்ளுங்கள். அலங்காரம்தான். அதில் தப்பொன்றும் இல்லை, சுமப்பதாகப் பொய் சொல்லாத வரை.

நிலைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே காங்கிரீட் லிண்டல் கட்டாயம், பழைய நிலையின் தலைக்கட்டை சுவரைச் சுமக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். லிண்டலுக்கும் நிலைக்கும் இடையே கால் அங்குலம் விடுங்கள். பூச்சு வேலை முழுக்க முடிந்த பிறகு நிலையை மாட்டினால் இன்னும் நல்லது. அதற்கு வாசல் அளவை முன்கூட்டியே சரியாக விட வேண்டும், கொத்தனார் முணுமுணுப்பார்.

மாடியில் மரத்தளம் போட்டு அதில் ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்த சிமெண்ட். மரத்தளம் நடக்க நடக்க மெல்ல அதிரும், கல் கிளம்பிவிடும். காங்கிரீட் தளத்தில் பதியுங்கள், மரத்தளத்தை மரமாகவே விடுங்கள்.

வேலை தொடங்கும் முன் மரத்தைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நீளம் முழுக்கத் தட்டிக் கேளுங்கள், சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். முனையில் ஒன்றரை அடி கெட்டிருந்தால் அறுத்துத் தள்ளிவிட்டுக் குறைந்த நீளத்துக்குப் பயன்படுத்தலாம். வைரத்தைச் சுற்றி வெளிறிய வெள்ளைக்கட்டை இருந்தால் அதை இழைத்து எடுத்துவிடுங்கள். கரையானை எதிர்க்கிற குணமெல்லாம் வைரத்தில்தான். பர்மா தேக்கு என்பதாலேயே கரையான் தொடாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது, வெள்ளைக்கட்டையை அது நன்றாகவே தின்னும். மனையில் கடைக்கால் தோண்டும்போதே கரையான் மருந்து அடித்துவிடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். மரத்தை இப்போது வெட்டவெளியில் போட்டிருந்தால் இன்றைக்கே செங்கல் மேல் ஏற்றி, இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கி, மேலே மட்டும் படுதா போடுங்கள். நாலு பக்கமும் மூடினால் உள்ளே வேர்க்கும்.

வேலையின் வரிசையும் முக்கியம். ஸ்லாப், பூச்சு, தண்ணீர் கட்டுகிற வேலை எல்லாம் முடிந்து, வீடு ஒரு மாதமாவது காய்ந்த பிறகுதான் மரம் உள்ளே வர வேண்டும். பெரும்பாலும் ஆசாரியைக் கடைசியில்தான் கூப்பிடுகிறோம். உங்கள் விஷயத்தில் அவரும் என்ஜினியரும் கடைக்கால் கோடு போடும் முன்பே ஒரு நாள் சேர்ந்து உட்கார வேண்டும். அன்றைக்குக் கையில் ஒரு தாள் இருக்கட்டும். பன்னிரண்டு தூணுக்கும் எண் எழுதி, ஒவ்வொன்றின் உயரத்தையும் அடிச் சுற்றளவையும் நூல் சுத்தமாக அளந்து குறித்துக் கொண்டுபோங்கள். பன்னிரண்டும் ஒரே உயரம் இருக்காது, முக்கால் அங்குலம் ஒரு அங்குலம் முன்பின் இருக்கும். உங்கள் ஐயா வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அங்கே தூணை அறுக்காமல், கல் பீடத்தை உயர்த்தித் தாழ்த்திச் சரிக்கட்டியிருப்பார்கள். நீங்களும் பீடத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது எண்ணுக்கு எண் தனி உயரம் சொல்லுங்கள்.